சுவருக்கு மேல் நீண்ட கை

மே 19, திங்கள்

ஞானதுரை இன்று காலை ஆறு பத்துக்கு என் கத்தரிப் பாத்தியில் மருந்து போட்டார். கேட்கவில்லை, சொல்லவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவருக்கு மேல் கையை நீட்டி, ஒரு வெள்ளை டப்பாவை என் செடிகளின் மேல் கவிழ்த்து உதறினார். அடுப்படி ஜன்னலில் நின்று என் கண்ணால் பார்த்தேன்.

பதினோரு வருஷமாக இந்தத் தோட்டத்தில் ஒரு சொட்டு மருந்து விழுந்ததில்லை. காய்ப்புழுவைக் கையால் பொறுக்குகிறேன். தண்டுப்புழு விழுந்து வாடின நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீர்க் குவளையில் போடுகிறேன். மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டு வெள்ளை ஈயைப் பிடிக்கிறேன். பாகலில் பழ ஈயைப் பிடிக்கக் கருவாட்டுத் துண்டு போட்ட பாட்டில். எறும்பு ஏறாமலிருக்கத் தண்டில் எண்ணெய்த் துணி. எல்லாம் நானே படித்தது, நானே செய்து பார்த்தது. ஒருத்தர் வந்து சொல்லித் தரவில்லை.

மூன்று வாரமாகக் கத்தரியில் மாவுப்பூச்சி இருப்பது உண்மை. அது என் பாடு. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி போட்டீங்க?"

"வண்டு, தங்கச்சி."

"என்ன வண்டு?"

"மாவுப்பூச்சியத் திங்கிற வண்டு. விவசாயக் காலேஜ்ல என் மச்சினன் மகன் இருக்காம்லா, அவன்ட்ட சொல்லி வாங்குனேன்."

"என் செடில பூச்சி இருக்குன்னு இன்னும் கொஞ்சம் பூச்சிய விட்டேங்கீங்க?"

சிரிக்கிறார்! "எலி இருந்தா பூனைய விடுதோம்லா? அது மாதிரிதான். அதோட குட்டி பாத்தீங்கன்னா..."

"தாயும் வேண்டாம், குட்டியும் வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

முப்பது வருஷம் கோவில்பட்டி பஜாரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். கடையை மூடி ஏழு வருஷமாகியும் கை சும்மா இருக்கவில்லை.

மே 20, செவ்வாய்

போய்ப் பார்த்தேன். பொறிவண்டு எனக்குத் தெரியாததா? சிவப்பாக, முதுகில் கரும்புள்ளியோடு இருக்கும். ஒன்றுகூட இல்லை. இலைகளின் மேல் வெள்ளைத் தூள்தான் இருக்கிறது. நேற்றைக்கு முன்னால் இவ்வளவு இல்லை. முகர்ந்தேன். வாசனை இல்லை. வாசனை இல்லாத மருந்துதான் அதிகக் கெட்டது.

மே 22, வியாழன்

திங்களும் வியாழனும் எங்கள் காலனி அங்கன்வாடிக்கு நான் காய் கொடுக்கிற நாள். இன்று கொடுக்கவில்லை. அங்கன்வாடியைப் பார்த்துக்கொள்கிற முத்துச்செல்வி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"என்னம்மா, காய் இல்லையா? பிள்ளைகளுக்கு சாம்பார்ல போட ஒண்ணுமில்ல."

"மருந்து அடிச்ச காய பிள்ளைகளுக்குத் தர மாட்டேன்."

"நீங்க மருந்தே அடிக்க மாட்டீங்களே?"

"நான் அடிக்கல. சுவருக்கு அந்தப் பக்கம் கேளு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். மதியத்துக்குள் நாலு தெருவுக்கும் சொல்லிவிடுவாள். சொல்லட்டும்.

பறிக்கிற பக்குவத்தில் இருந்த காய்களையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தேன்.

மே 25, ஞாயிறு

மகள் தமயந்தி தூத்துக்குடியிலிருந்து வந்தாள். சாப்பிடும்போது பல்லில் கல் அகப்பட்டது. முகத்தைச் சுளித்தாள். அரிசிக்கடைக்காரன் வர வர மோசம். இரண்டாம் முறையும் அகப்பட்டபோது தட்டைத் தள்ளிவிட்டு, "யம்மா, ஒரு தடவ கண்ணக் காட்டுவோமா?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். தினமும் இருநூறு பிள்ளைகளுக்கான அரிசியில் கல் பொறுக்கின கண் இது. அதைக் காட்டச் சொல்கிறாள். கடைக்காரனை ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இந்தத் தெருவில் மின்சாரமும் குறைந்துவிட்டது. டியூப்லைட் புகைக்குள் எரிகிற மாதிரி எரிகிறது. வாரியத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணிவிட்டேன்.

மே 27, செவ்வாய்

சுவருக்கு மேல் தகரம் அடித்துவிட்டேன். ஏழடி உயரம். தச்சன் ஆணி அறைந்துகொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து குரல்:

"தங்கச்சி, தகரம் அடிச்சா செடிக்குக் காத்து வராதே. அனல்லா அடிக்கும்? ஒரு விசயம் மட்டும் கேளுங்க, அந்தக் குட்டி..."

"ஓங்கி அறைப்பா" என்று தச்சனிடம் சொன்னேன்.

ஞானதுரை வீட்டுக் கொய்யாக் கிளை ஒன்று தகரத்தையும் தாண்டி என் பக்கம் நீண்டிருக்கிறது. அதை வெட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கேட்டில் செருகியிருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

காலனி சங்கக் கூட்டம். என் புகார்க் கடிதத்தைத் தலைவர் சங்கரபாண்டியன் வாசித்தார். ஞானதுரைதான் சங்கச் செயலாளர், ஒன்பது வருஷமாக. முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"பாத்தேன்."

"அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதீங்க?"

"வண்டுதான் விட்டேன். கேக்காம விட்டது தப்புதான். மருந்து இல்ல."

பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான்: "மருந்துக்கடை அண்ணாச்சி வண்டு வளக்காராம்ல!" இன்னொருத்தன், "கொசுவத் திங்க எதுவும் இருந்தா எங்க வீட்டுக்கும் ரெண்டு விடுங்க அண்ணாச்சி" என்றான். கூட்டமே சிரித்தது. ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் எழுந்து, "சின்னப் பிள்ளைக திங்கிற காய்ல இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டாள்.

ஞானதுரை எழுந்தார். சட்டைப் பையிலிருந்து காலனித் தண்ணீர் மோட்டார் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "வேற யாரையும் பாத்துக்கிடுங்க" என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

நியாயம் நடந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில்.

ஜூன் 3, செவ்வாய்

நான் பயந்தது நடந்துவிட்டது. மருந்து போட்டால் பூச்சி எதிர்த்து நின்று பெருகும் என்று பத்திரிகையில் படித்து, வெட்டி ஒட்டியே வைத்திருக்கிறேன். கத்தரியில் இப்போது ஒரு புது மாவுப்பூச்சி. பழையதைவிட மூன்று மடங்கு பெரியது. உடம்பெல்லாம் வெள்ளைத் திரி திரியாக மயிர். தொட்டால் ஓடுகிறது. மாவுப்பூச்சி ஓடி நான் பார்த்ததில்லை. மருந்து தின்று வந்த வேகம்.

சின்னதுகள் கண்ணுக்குச் சரியாக அகப்படவில்லை. பெரியதுகளை விடவில்லை. சோப்புத் தண்ணீரில் போட்டது 41.

ஜூன் 4, புதன்

63.

ஜூன் 5, வியாழன்

38. இடுப்பு வலி. முத்துச்செல்வி அங்கன்வாடிக்குக் கடையில் முட்டைக்கோஸ் வாங்குகிறாளாம். கடைக் கோஸில் எத்தனை மருந்து என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே ஒரு மனிதரால்.

ஜூன் 6, வெள்ளி

22.

ஜூன் 7, சனி

12. விடாமல் கையால் பொறுக்கினால் எந்தப் பூச்சியும் நிற்காது. மருந்துக்கடைக்காரர்கள் இதை எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

5. அதற்குப் பிறகு எவ்வளவு தேடியும் பெரியது ஒன்றுகூட இல்லை. ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பெரியதுகள் போய்விட்டன. சின்னதுகள் இரண்டு பங்காகிவிட்டன. கத்தரித் தண்டெல்லாம் வெள்ளைப் பஞ்சு சுற்றினது போல இருக்கிறது. இலை சுருண்டு கருக்கிறது. வெண்டைக்கும் ஏறிவிட்டது. கணக்குப்படி குறைய வேண்டும். ஏன் குறையவில்லை என்று தெரியவில்லை.

புதுச் செயலாளர் மோட்டார் போட மறந்துவிடுகிறார். ஆறு மணிக்கு வந்த தண்ணீர் பதினொரு மணிக்கு வருகிறது. பொறுப்பில்லாதவர்களிடம் சாவியைக் கொடுத்தால் இப்படித்தான்.

ஜூன் 14, சனி

பதினாலு கத்தரிச் செடியையும் பிடுங்கினேன். வேறு வழியில்லை. கடைசிச் செடியின் வேரை அரிவாளால் கொத்தும்போது இடது கட்டைவிரலில் பட்டுவிட்டது. அரிவாளில் தச்சன் போட்ட கைப்பிடி சரியில்லை. நாலு தையல்.

தமயந்தி லீவு போட்டு வந்து நிற்கிறாள். அரிவாளை எடுத்துப் பார்த்தாள். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். அது ஆடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எழுத்து அட்டையை மங்கலாக அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். மேலே இருக்கிற ஒரு பெரிய எழுத்தைத் தவிர யாராலும் வாசிக்க முடியாது. டாக்டர் பெண், தமயந்தியைவிடச் சின்னவள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திருச்சு பாட்டி. எத்தனை வருசமா இப்படி?"

"எப்படி?"

அவள் தமயந்தியைப் பார்த்தாள். தமயந்தி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஜூன் 24, செவ்வாய்

வலது கண்ணில் அறுவை முடிந்தது. குனியக் கூடாதாம். தோட்டத்துக்குப் பத்து நாள் போகக் கூடாதாம். வெண்டையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டால் நர்ஸ் சிரிக்கிறாள்.

ஜூன் 26, வியாழன்

டியூப்லைட் நன்றாகத்தான் எரிகிறது. அரிசியில் கல் இருக்கிறது. நான் புடைத்து வைத்த அரிசி. ஒரு கைப்பிடியில் ஏழு கல் எடுத்தேன்.

தமயந்தியின் தலையில் இத்தனை நரை எப்போது வந்தது?

ஜூலை 4, வெள்ளி

பத்து நாள் முடிந்தது. காலையில் தோட்டத்துக்குப் போனேன். பிடுங்கின பாத்தி மொட்டையாகக் கிடக்கிறது. ஞானதுரை வீட்டுக் கொய்யாக் கிளை இன்னும் வெட்டாமல் என் தலை உயரத்துக்குத் தாழ்ந்து தொங்கியது. எழுதிக் கொடுத்தும் வெட்டவில்லையே என்று கோபமாகப் பக்கத்தில் போனேன்.

இலையின் அடியில் மாவுப்பூச்சி. அவற்றுக்கு நடுவில் அந்தப் பெரியது ஒன்று. குவளையை எடுத்து வந்து கிளைக்குக் கீழே பிடித்தேன். தட்டுவதற்கு முன்னால் வலது கண்ணால் ஒரு தடவை பார்த்தேன்.

அதற்கு ஆறு கால். மாவுப்பூச்சிக்கு இருக்கிற மாதிரி கண்ணுக்கே அகப்படாத கால் இல்லை, ஓடுகிற கால். முன்னால் ஒரு சின்ன மாவுப்பூச்சியைக் கவ்விப் பிடித்திருந்தது. உறிஞ்ச உறிஞ்ச அந்தச் சின்னது சுருங்கி வெறும் தோலானது. தோலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. அரைமணி நேரம் நின்றேன். நாலு தின்றது.

மேலே ஒரு தளிரில் வண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லி விதை அளவுதான். கறுப்பு, தலை மட்டும் செம்மஞ்சள். புள்ளியே இல்லை.

நான் பொறுக்கின பெரிய வெள்ளையெல்லாம் இந்த வண்டின் குட்டிகள். மருந்துத் தூள் என்று நினைத்தது மாவுப்பூச்சி உதிர்த்த மாவு. "அதோட குட்டி பாத்தீங்கன்னா" என்று அவர் ஆரம்பித்தது இதைத்தான்.

குவளைத் தண்ணீரைக் கீழே ஊற்றினேன்.

41, 63, 38, 22, 12, 5. கூட்டினால் 181. ஒவ்வொன்றும் அரைமணிக்கு நாலு தின்னும். மேற்கொண்டு பெருக்கிப் பார்க்கவில்லை.

ஆனால் இதையும் எழுதாமல் விட மாட்டேன். ஒரு மனிதர் முதலில் "குட்டி வெள்ளையாக இருக்கும், கொல்லாதீங்க" என்று சொல்ல வேண்டும். எலி, பூனைக் கதையெல்லாம் அப்புறம் சொல்லலாம். சொல்லுகிற வரிசை தெரியாதவர்.

ஜூலை 5, சனி

தூங்கவில்லை. இதை நான் எங்கேயும் எழுதினதில்லை, இன்றைக்கு எழுதுகிறேன்.

1998-ல் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுத்தார்கள். கத்தரிக்காய்ச் சாம்பார். காயை நான் கழுவவே இல்லை என்று சமையல் ஆயா சொன்னாள். "கண்ணால பாத்தேன்" என்றாள். நான் மூன்று தண்ணீரில் கழுவியிருந்தேன். அதிகாரி என்னைக் கேட்கவே இல்லை. இருபது நாள் தற்காலிக நீக்கம். ஊருக்குள் தலை காட்ட முடியவில்லை. பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவள் என்று தண்ணீர்க் குழாயடியில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

இருபத்தோராம் நாள் விசாரணை. யாரும் கூப்பிடாமல் ஒரு ஆள் வந்து நின்றார். "கத்தரிக்கா வித்தவன் பறிக்கதுக்கு முந்தின நாள் என் கடைலதான் மருந்து வாங்குனான். நான்தான் எடுத்துக் குடுத்தேன். அடிச்சு பத்து நாள் பறிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். கழுவினாலும் அது போகாது சார். இந்த அம்மா மேல குத்தமில்ல" என்றார். எனக்கு அவரை முன்பின் தெரியாது. அதற்குப் பிறகு அவர் கடையைப் பிள்ளைகளைக் கொல்லுகிற கடை என்று சொன்னவர்கள் உண்டு. அது அவருக்குத் தெரிந்துதான் வந்திருந்தார்.

அவர்தான் ஞானதுரை.

நான் பிறகு மருந்தைத் தொடாமல் தோட்டம் போட்டதும் அந்தப் பதினோரு பிள்ளைகளால்தான். அதை நினைத்துக்கொண்டே எப்படி இதைச் செய்தேன்?

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டில் அவர் வீட்டுக்காரி எஸ்தர் மைனி நின்றாள். கேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணாச்சி இருக்காகளா மைனி?"

"எதுக்கு? இன்னும் எதுவும் பாத்தீங்களோ?"

"கண் ஆபரேசன் பண்ணியிருக்கேன்."

"தெரியும். கண்ணு தெரியாம இருந்தப்பவும் ஒங்களுக்கு வாயி நல்லாத்தானே தெரிஞ்சுச்சு?"

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"முப்பத்தஞ்சு நாளா அவுக வாசல் தாண்டல" என்றாள். "கோயிலுக்கும் வரல. அங்கன்வாடிப் பக்கம் போனா பிள்ளைகளக் கைல பிடிச்சிக்கிடுதாளுக. ஒங்க வீட்டுக் கத்தரிக்கு வண்டு வாங்க அவுக ரெண்டு பஸ் மாறிப் போய்ட்டு வந்தாக தெரியுமா? மடில வச்சு, வெயில் படாம. 'செண்பகவல்லி குனிஞ்சு குனிஞ்சு துடைக்கா, பாவம், கண்ணும் தெரியல, கேட்டா கோவிச்சிக்கிடுவா'ன்னு."

கண்ணும் தெரியல. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தமயந்திக்குத் தெரிந்திருக்கிறது. அரிசிக்கடைக்காரனுக்கும் தெரிந்திருக்கும்.

உள்ளே இருந்து அவர் குரல் வந்தது. "எஸ்தரு, யாரு?"

"யாருமில்ல" என்றாள் மைனி. கேட்டின் கொண்டியை இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கக் கூட்டம். அதிலும் அதற்குப் பிறகும் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். எழுதினதை நான் மாற்றுகிறவள் இல்லை.

என் புகார்க் கடிதம் பொய் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதாது; அன்றைக்கு எல்லார் காதிலும் விழுந்தது, இன்றைக்கும் விழ வேண்டும். 181 என்ற எண்ணையும் சொல்ல வேண்டும். செய்ய வேண்டியது: நான்.

அன்றைக்குச் சிரித்தவர்கள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வண்டு கேட்டவன் கட்டாயம் போக வேண்டும். அழைத்துக்கொண்டு போக வேண்டியது: தலைவர் சங்கரபாண்டியன். விசாரிக்காமல் வாசித்தது அவர் குற்றம்.

மோட்டார் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது: புதுச் செயலாளர். அவரும் சந்தோஷமாகக் கொடுப்பார்.

அங்கன்வாடிக்கு வருகிற ஒவ்வொரு தாயிடமும் அண்ணாச்சி பேரைச் சொல்லி, மருந்து இல்லை, வண்டு என்று சொல்ல வேண்டியது: முத்துச்செல்வி. கெட்டதை மதியத்துக்குள் சொன்னவளுக்கு இது முடியும். வெண்டையில் எனக்கு இனிச் சந்தேகமில்லை; வியாழக்கிழமை முதல் காய் கொடுக்க வேண்டியது: நான்.

அரிசிக்கடைக்காரனிடமும் தச்சனிடமும் சொல்ல ஒன்றுமில்லை. மின்வாரியத்துக்கு நானாகப் போன் பண்ண மாட்டேன்.

இடது கண்ணுக்கும் தேதி வாங்க வேண்டியது: தமயந்தி. முணுமுணுக்காமல் போக வேண்டியது: நான்.

கொய்யாக் கிளையை வெட்டக் கூடாது. இப்போது அந்த வண்டு இருப்பது அதில் மட்டும்தான்; அது வழியாகத்தான் என் பக்கம் வர வேண்டும். கேட்டில் செருகின சீட்டைக் கிழித்துப்போட வேண்டியது: எஸ்தர் மைனி. இன்னும் என்னைத் திட்ட வேண்டியிருந்தால் அதையும் செய்யலாம்.

இனிமேல் என் தோட்டத்தில் நல்லதோ கெட்டதோ, எதைப் போடுவதாக இருந்தாலும் என்னைக் கேட்க வேண்டும்: ஞானதுரை அண்ணாச்சி. இதில் நான் இறங்கி வர மாட்டேன். அவரே கூட்டத்தில் தப்பு என்று ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

கடைசியாக, தகரம். ஆணியை நான் இந்தப் பக்கம் நின்று கழற்றுவேன். ஏழடித் தகரம், ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் சரிந்து வெண்டையின் மேல் விழும். அந்தப் பக்கம் நின்று ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்த மறுநாள், திங்கள், காலை ஆறு பத்துக்கு.

பிடிக்க வேண்டியது: அண்ணாச்சி. வந்தால்.

வராவிட்டாலும் ஆறு பத்துக்கு நான் சுத்தியலோடு நிற்பேன்.